புதுத் தாமானில் சபை தேடுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

கோலாலம்பூரில் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த தலைமுறைக்குச் சபை தேடும் வேலையே இருந்ததில்லை. கத்தோலிக்கர் என்றால் செந்தூல் சூசையப்பர் கோயில், லுத்தரன் என்றால் பிரிக்பீல்ட்ஸ் சீயோன் ஆலயம். நடந்தே போய்விட்டு வரலாம். அவர்களுடைய பிள்ளைகள் இன்று பூச்சோங்கிலும் ரவாங்கிலும் செமினியிலும் புதுத் தாமான்களில், அதாவது புதுக் குடியிருப்புகளில், வீடு வாங்கிக் குடிபோய்விட்டார்கள். பள்ளிக்கூடம், கிளினிக், மார்க்கெட் எல்லாவற்றையும் துருவித் துருவி விசாரிப்பவர்கள், சபையை மட்டும் ஒரே ஒரு ஞாயிறு காலையை வைத்து முடிவு செய்துவிடுகிறார்கள். மற்ற தவறுகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

தூரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலையில் எல்டிபி நெடுஞ்சாலை காலியாகக் கிடக்கும். பூச்சோங்கிலிருந்து பெட்டாலிங் ஜெயாவுக்குப் போவது ஒரு தூரமே இல்லை என்று தோன்றும். ஆனால் வீட்டு ஜெபக்கூட்டமும் பாடகர் குழுப் பயிற்சியும் வேலைநாள் இரவில்தான் நடக்கும். வேலை முடிந்து வரும் நேரத்தில் அதே சாலையில் வண்டி நகராது. இரண்டு மாதம் போவீர்கள், அப்புறம் நின்றுவிடுவீர்கள். ஞாயிறு மட்டும் வந்து போகிறவரை யாருக்கும் சரியாகத் தெரியாது. அதனால் ஒரு புதன்கிழமை இரவு வீட்டிலிருந்து வண்டியை எடுத்து ஒருமுறை போய்ப் பாருங்கள். போய்ச் சேரும்போது எரிச்சலாக இருந்தால், அந்தச் சபை உங்களுக்குத் தூரம்தான்.

கட்டடத்தைப் பார்த்து மதிப்பிடுவது இன்னொரு தவறு. பல சபைகள் கடைவரிசையின் மாடியில்தான் இயங்குகின்றன. கீழே பட்டறையோ மருந்துக்கடையோ இருக்கும். ஆலயம் கட்ட நிலமும் அனுமதியும் கிடைப்பது எளிதல்ல. ஷா ஆலம் இறை இரக்க ஆலயம் நெடுங்காலப் போராட்டத்துக்குப் பிறகு 2005இல்தான் திறக்கப்பட்டது. ஆகவே கடைமாடி என்பதற்காக ஒரு சபையை ஒதுக்காதீர்கள். ஆனால் படிக்கட்டைப் பாருங்கள். குறுகலாக, செங்குத்தாக, லிஃப்ட் இல்லாமல் இரண்டு மாடி ஏற வேண்டியிருக்கும். முட்டிவலி உள்ள அம்மா ஒரு கையில் பைபிள் பை, மறு கையில் கைப்பிடி என்று ஒவ்வொரு படியாக ஏறிப் போவதற்குள் முதல் பாட்டு முடிந்துவிடும். சில வாரம் கழித்து, "நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டிலேயே ஜெபம் பண்ணிக்கிறேன்" என்பார். அவர் அப்படிச் சொல்லும் நிலை வருவதற்கு முன்பே யோசிப்பது நல்லது.

இனி மொழி. நம் வீடுகளில் அதிகம் மனக்கசப்பு வருவது இதில்தான். அப்பா தமிழ் ஆராதனைதான் வேண்டும் என்பார். மலாய்மொழித் தேசியப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்குப் பிரசங்கம் பாதிக்கு மேல் புரியாது. அவர்கள் கைப்பேசியை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இல்லையென்றால் பிள்ளைகளுக்காக எல்லாரும் ஆங்கில ஆராதனைக்கு மாறுவார்கள். பாட்டி ஒரு வார்த்தை புரியாமல் சும்மா எழுந்து எழுந்து உட்காருவார். வீட்டில் ஒருவர் மட்டும் முடிவெடுத்தால் இந்த இரண்டில் ஒன்று நடக்கும். என்னைக் கேட்டால், தமிழும் ஆங்கிலமும் ஒரே வளாகத்தில் நடக்கும் இடத்தைத்தான் முதலில் தேடச் சொல்வேன். கத்தோலிக்கப் பங்குகளில் (ஒரு கோயிலைச் சேர்ந்த வட்டாரத்தைப் பங்கு என்பார்கள்) ஆங்கிலம், தமிழ், மாண்டரின், மலாய் எனப் பல மொழிப் பூசைகள் உண்டு. ஆனால் தமிழ்ப் பூசை எல்லா வாரமும் உண்டா, எத்தனை மணிக்கு என்று பங்கு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மெதடிஸ்ட் திருச்சபையில் தமிழ்ச் சபைகள் தமிழ் ஆண்டு மாநாடு என்ற நிர்வாகப் பிரிவின் கீழும், ஆங்கிலச் சபைகள் திரித்துவ ஆண்டு மாநாடு என்ற பிரிவின் கீழும் வருகின்றன. இரண்டும் ஒரே வளாகத்தில் கூடினாலும் போதகர் வேறு, நிர்வாகம் வேறு. ஓய்வுநாள் பள்ளி எந்த மொழியில் நடக்கிறது என்பதையும் தனியாகக் கேட்க வேண்டும். ஆராதனை தமிழில் நடக்கும் சபையிலும் பிள்ளைகளுக்கான வகுப்பு ஆங்கிலத்தில் இருக்கலாம். வகுப்பறைக் கதவருகே ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். பிள்ளைகள் எத்தனை பேர், உங்கள் பிள்ளை வயதில் யாராவது இருக்கிறார்களா என்பது தெரிந்துவிடும்.

பிரசங்கியாரின் பேச்சு பிடித்துப் போய்ச் சேருகிறவர்களும் உண்டு. நல்ல பிரசங்கம் வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் மெதடிஸ்ட் போதகர்களை நியமிப்பதும் மாற்றுவதும் திருச்சபைத் தலைமைதான். கத்தோலிக்கப் பங்குத்தந்தையரும் சில ஆண்டுகளில் மாற்றலாகிப் போவார்கள். அவருக்காகச் சேர்ந்தவர்கள் அவர் போன மறுமாதமே அடுத்த சபை தேடத் தொடங்குகிறார்கள். பெரிய திருச்சபை எதன் கீழும் வராத தனிச் சபைகளில் சிக்கல் வேறு மாதிரி: போதகர் மாறவே மாட்டார், அவரைக் கேள்வி கேட்க ஆளும் இருக்காது. அங்கே சேருமுன், ஆண்டுக் கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கைச் சபையார் முன் வைக்கிறார்களா, மூப்பர்கள் யார், சபை எந்தக் கூட்டமைப்பில் இருக்கிறது என்று கேளுங்கள். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தசமபாகமாகக் கொடுக்கச் சொல்லும் இடத்தில் கணக்குக் கேட்பது விசுவாசக் குறைவு ஆகாது. முகம் சுளித்தால் அதுவே பதில்.

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் முதலியவை 1947இல் ஒன்றுசேர்ந்து சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்தியத் திருச்சபை, ஆனது. இங்கே ஆங்கிலிக்கனும் மெதடிஸ்டும் தனித்தனித் திருச்சபைகள். ஊரில் சிஎஸ்ஐ கோயிலுக்குப் போனவர் இந்த இரண்டில் எதற்குப் போனாலும் பெரும்பாலும் பழகிய வழிபாடாகத்தான் இருக்கும். ஆனால் மற்ற சபைகளில் "எல்லாம் ஒரே சாமிதானே" என்று ஞானஸ்நானம் பற்றிக் கேட்காமல் சேருவதுதான் பிறகு வம்பில் முடிகிறது. குழந்தையாக இருக்கும்போது ஞானஸ்நானம் பெற்றவரைப் பெந்தெகொஸ்தே சபைகள் பலவும் மறுபடி முழுக்கு எடுக்கச் சொல்லும். கத்தோலிக்கப் பூசையில் நற்கருணை பொதுவாகக் கத்தோலிக்கருக்கு மட்டுமே. இவையெல்லாம் மனைவி ஒரு சபை, கணவன் ஒரு சபை என்றிருக்கும் வீட்டில் பெரிய விஷயம். கல்யாணத்துக்கு முன்பே பேசிவிடுவது நல்லது.

ஆராதனை முடிந்ததும் வண்டிக்கு ஓடிவிடாதீர்கள். மீஹூனும் தேத்தண்ணியும் வைத்திருக்கும் மேசைப் பக்கம் நின்று, யார் வந்து பேசுகிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். வேலை, சம்பளம், சொந்த ஊர் என்பதோடு நிறுத்திவிடுகிறார்களா, வீட்டில் யாராவது உடம்புக்கு முடியாமல் இருக்கிறார்களா என்றும் கேட்கிறார்களா? நீங்களும் கூச்சப்படாமல் ஒன்று கேளுங்கள்: இங்கே ஒரு வீட்டில் இழவு விழுந்தால் யார் வருவார்கள்? நல்ல சபையில் இதற்குப் பதில் உடனே வரும். இரவு ஜெபம் யார் நடத்துவது, கல்லறை இடத்துக்கு யாரைப் பார்ப்பது, சாப்பாட்டை எந்தக் குழு கவனிப்பது என்று ஆள் ஆளாகச் சொல்வார்கள்.

பழைய சபையிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் நழுவுவதும் தவறுதான். போதகரை நேரில் பார்த்து வீடு மாறியதைச் சொல்லிவிட்டு, சபை மாறுதல் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். கத்தோலிக்கராக இருந்தால் பிள்ளைகளின் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) சான்றிதழை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; புதுநன்மை (முதல் நற்கருணை) வகுப்பில் சேர்க்கும்போது கேட்பார்கள். திருமணத்துக்குப் பழைய சான்றிதழ் போதாது. திருமுழுக்குப் பெற்ற பங்கிலிருந்தே ஆறு மாதத்துக்குள் புதிதாக எடுத்ததாக இருக்க வேண்டும். அது ஈப்போவிலோ தைப்பிங்கிலோ இருந்தால், தேதி குறித்த பிறகு அலையாமல் முன்கூட்டியே தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லி வையுங்கள்.