கொண்டையும் கழுத்து மூட்டும்: மேல்கழுத்து ஸ்கேனில் எங்கே தவறுகிறோம்?

காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அம்மா, பின்கழுத்து வலியோடு எங்கள் ஸ்கேன் மேசையில் படுத்தார். பல வருடங்களாக முடக்குவாதம், மூட்டுகள் வீங்கி அவற்றைக் கட்டும் நார்களும் தளரும் நோய். கொண்டை ஊசிகளை வெளியிலேயே வாங்கி வைத்துவிட்டோம். கொண்டை மட்டும் அப்படியே இருந்தது, முடியை முடியாலேயே இறுக்கி முடிந்திருந்தார். அதன்மேல் தலை ஏறி நின்றதால் முகவாய் மார்பை நோக்கி இறங்கி, முகம் லேசாக வலப்பக்கம் சாய்ந்திருந்தது. புதிதாகச் சேர்ந்த தம்பி அதைக் கவனிக்காமல், எம்.ஆர்.ஐ.யில் சிக்னலைப் பிடிக்கக் கழுத்தைச் சுற்றி வைக்கும் காயிலை மாட்டி, முதல் வரிசைப் படங்களையும் எடுத்துவிட்டான்.

"கொண்டையை அவிழ்த்துவிட்டு மறுபடி படுங்கள், அம்மா" என்றேன்.

"கழுத்து வலிக்கும் கொண்டைக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்றார்.

நிறையவே சம்பந்தம் உண்டு. முதுகெலும்பின் முதல் எலும்பு ஒரு வளையம். இரண்டாவது எலும்பிலிருந்து பல்லைப் போன்ற ஒரு முளை எழுந்து அந்த வளையத்துக்குள் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே, மற்ற எலும்புகளுக்கிடையே மெத்தைபோல் இருக்கும் வட்டு கிடையாது. தலையைத் திருப்பும் அசைவில் ஏறக்குறைய பாதி இந்த ஓரிடத்தில்தான் நடக்கிறது. எலும்பின் அமைப்பு இங்கே பெரிய பிடிமானம் தருவதில்லை, தசைநார்கள்தான் கட்டிக் காக்கின்றன. முளை பின்னால் சரிந்து தண்டுவடத்தை அழுத்தாமல் குறுக்குத் தசைநார் தடுக்கிறது. முளையின் நுனியிலிருந்து மண்டையோட்டின் அடிக்கு இரு பக்கமும் ஏறும் இறக்கைத் தசைநார்கள், தலை அளவுக்கு மீறித் திரும்பாமல் பிடித்துக்கொள்கின்றன.

முகம் கொஞ்சம் திரும்பினாலும் முளைக்கு இடப்பக்க இடைவெளி ஒன்றாகவும் வலப்பக்க இடைவெளி வேறாகவும் தெரியும். அது இயல்பு. படுத்த விதத்தைப் பார்க்காமல் அளவுகோலை வைத்தால், கொண்டை செய்த வேலை ரிப்போர்ட்டில் 'மூட்டு விலகல்' ஆகிவிடும். அப்படி எழுதப்பட்ட தாளைக் கையில் வைத்துக்கொண்டு பயந்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்த தவறு, ஒரு வகைப் படத்துக்கான அளவை இன்னொரு படத்துக்குப் பொருத்துவது. வளையத்தின் முன்பகுதிக்கும் முளைக்கும் உள்ள இடைவெளி, பக்கவாட்டு எக்ஸ்ரேயில் பெரியவர்களுக்கு 3 மி.மீ. வரை இயல்பு, குழந்தைகளுக்கு 5 மி.மீ. வரை போகலாம். சி.டி.யில் வரம்பு இன்னும் குறைவு. மண்டையோட்டின் அடிவிளிம்பிலிருந்து முளையின் நுனி வரையிலான தூரத்துக்கு எக்ஸ்ரேயில் வரம்பு 12 மி.மீ. என்றால், சி.டி.யில் 8.5 மி.மீ.தான். காரணம் எளிது. தோள் இடிப்பதால் கழுத்தை எக்ஸ்ரே தட்டோடு ஒட்டி வைக்க முடியாது, அதனால் எக்ஸ்ரே நிழல் பெரிதாக விழும். பக்கவாட்டுப் படத்துக்குக் குழாயை 180 செ.மீ. தள்ளி வைப்பது இந்தப் பெருக்கத்தைக் குறைக்கத்தான். ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, செல்போனில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இதில் எத்தனை மில்லிமீட்டர், பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்பவர்களுக்கு நான் எண் சொல்வதில்லை.

முடக்குவாதக்காரர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. மல்லாந்து படுத்து எடுக்கும் எம்.ஆர்.ஐ.யில், தளர்ந்த மூட்டும் சமர்த்தாகத் தன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். மருத்துவர் கேட்டால், தலையைக் குனிந்தும் நிமிர்ந்தும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நோயாளி தானாகக் குனிய வேண்டும், யாரும் பிடித்துத் தள்ளக் கூடாது. அடிபட்டு வந்தவரிடம் மருத்துவர் சொல்லாமல் இதைத் தொடவே கூடாது. முன்பக்க இடைவெளியை மட்டும் நம்புவதும் ஆபத்து. நோய் முற்றி மண்டையோடு கீழே இறங்கினால் அந்த இடைவெளி குறைந்து, குணமாகிவிட்டது போலத் தோன்றும். முளைக்குப் பின்னால் தண்டுவடத்துக்கு மிஞ்சியிருக்கும் இடத்தையும் அளக்க வேண்டும். அது 14 மி.மீ.க்குக் கீழே போனால் கவலைப்பட வேண்டும். (முடக்குவாதம் உள்ளவர் முடிவெட்டப் போன இடத்தில் கழுத்தை நெட்டி முறிக்க விடுகிறார் என்று கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.)

விபத்து வழக்குகளில் அதிகம் அடிபடுவது இறக்கைத் தசைநார்தான். மணலி சாலையில் லாரி பின்னாலிருந்து இடித்த ஆட்டோ ஓட்டுநரின் படத்தில் அங்கே வெண்மை தெரிந்தால், உடனே 'கிழிவு' என்று எழுதக் கை துடிக்கும். அந்த நார் 1 செ.மீ. அளவே நீளம். வழக்கமான கழுத்து எம்.ஆர்.ஐ.யின் 3, 4 மி.மீ. துண்டுகளில் பக்கத்துக் கொழுப்பும் சேர்ந்து விழுந்து நாரை வெளுப்பாக்கும். இதற்கென்றே புரோட்டான் அடர்த்தி என்ற வகை எம்.ஆர்.ஐ. படங்களை 2 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லியதாக, மூன்று திசைகளிலும் எடுக்க வேண்டும். அப்போதும் காந்தப் புலத்துக்கு ஏறத்தாழ 55 பாகைச் சாய்வில் ஓடும் நார், நல்ல நிலையில் இருந்தாலும் வெளுத்தே தெரியும். எச்சில் விழுங்கினாலும், ரத்தக் குழாய் துடித்தாலும் படம் கலங்கும். இந்த வெண்மையை விபத்தோடு இணைத்துப் பேசினார்கள் நார்வே ஆய்வாளர்கள் சிலர். பிறகு அடிபடாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, அவர்களிடமும் அதே வெண்மை இருந்தது. ஆகவே வெண்மை என்றால் வெண்மை என்று எழுதுங்கள், அதற்கு மேல் போகாதீர்கள்.

நாரின் தடிமனை அளக்கும்போது அதற்குச் செங்குத்தாக வெட்டிய தளத்தில் அளக்க வேண்டும். வாழைத்தண்டைச் சாய்த்து நறுக்கினால் வில்லை பெரிதாக வருவது போலத்தான் இதுவும். மண்டையோட்டுக்கு அடியில் உள்ள சிறு தசைகளின் பரப்புக்கும் இதே விதிதான். அளந்த அதே ஆள் இன்னொரு நாள் முந்தைய எண்ணைப் பார்க்காமல் மறுபடி அளக்கட்டும், வேறொருவரும் அளக்கட்டும். இரண்டு அளவுகளுக்குள்ளேயே 1 மி.மீ. வேறுபாடு வருகிறதென்றால், ஆறு மாதத்தில் 1 மி.மீ. கூடிவிட்டது என்று எழுதுவதில் பொருளில்லை.

அந்த அம்மா கொண்டையை அவிழ்த்து, தலைக்கு அடியில் மெல்லிய துணி மடிப்போடு நேராகப் படுத்தார். மறுபடி எடுத்த படத்தில் இடமும் வலமும் சமமாகிவிட்டன. ஆனால் முளைக்குப் பின்னால் வீங்கிய திசு இப்போது தெளிவாகத் தெரிந்தது. விவரம் மருத்துவருக்குப் போயிற்று, குனிந்து எடுக்கும் எக்ஸ்ரேக்கு எழுதிக்கொடுத்தார். அவர் பார்த்து முடிக்கும்வரை தலையில் கூடை ஏற்றக் கூடாது என்று நான் சொன்னேன். பையிலிருந்த சும்மாட்டுத் துணியை ஒரு முறை உதறி மடித்து வைத்தபடி அந்த அம்மா கேட்டார்: "அப்போ மீன் தானாக நடந்து வருமா, தம்பி?"