கூட்டு மருந்து தொடங்கிய முதல் மாதங்களில் செய்யக்கூடாத தவறுகள்

எச்.ஐ.வி. இருப்பது தெரிந்த அதிர்ச்சி அடங்கும் முன்பே கையில் மாத்திரை டப்பா வந்துவிடுகிறது. சிடி4 (நோய் எதிர்ப்பு அணுக்கள்) எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும் தாமதிக்காமல் சிகிச்சை தொடங்குவதுதான் 2017 முதல் இந்தியாவில் நடைமுறை. அது நல்லதுதான். ஆனால் முதல் வாரத்தில் குமட்டலோ தலைச்சுற்றலோ வந்ததும், பலர் யாரிடமும் கேட்காமல் தாங்களே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். பெரிய சேதத்தைச் செய்வது அந்த முடிவுதான்.

இப்போது எச்.ஐ.வி. கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையங்களில் புதிதாகச் சேரும் பெரியவர்களுக்குப் பொதுவாகத் தருவது டி.எல்.டி. எனப்படும் மாத்திரை. டெனோஃபோவிர் 300 மி.கி., லாமிவுடின் 300 மி.கி., டோலுடெகிராவிர் 50 மி.கி. மூன்றும் ஒன்றாக இருக்கும். நாளுக்கு ஒன்று போதும். குமட்டல், வயிற்றுப்போக்கு, தலைவலி, தூக்கம் வராமை ஆகியவை சிலருக்கு வரும். பெரும்பாலும் சில வாரங்களில் தணிந்துவிடும். ஆனால் பல வருடங்களுக்கு முன் மருந்து தொடங்கியவர்களிடம் கேட்டால் கன்னம் ஒட்டிப்போனது, ரத்தசோகை வந்தது, இரவெல்லாம் கெட்ட கனவு என்று சொல்வார்கள். அவர்கள் பட்டது உண்மை. ஆனால் கன்னம் ஒட்டியது ஸ்டாவுடினால், ரத்தசோகை ஜிடோவுடினால், அந்தக் கனவுகள் பெரும்பாலும் எஃபாவிரென்ஸால். உங்கள் டப்பாவில் என்ன பெயர் இருக்கிறது என்று பார்க்காமல் அந்தக் கதைகளைக் கேட்டுப் பயப்படாதீர்கள்.

"ரெண்டு நாள் விட்டுப் பார்ப்போம்" என்பது மிக மோசமான தவறு. மருந்து நின்றால் வைரஸ் மறுபடி பெருகும். விட்டுவிட்டுச் சாப்பிட்டால் மருந்துக்கு அடங்காத வைரஸ் உருவாக இடம் கிடைக்கும். இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: டெனோஃபோவிரும் லாமிவுடினும் ஹெபடைட்டிஸ் பி கிருமியையும் அடக்கி வைப்பவை. அந்தத் தொற்றும் உள்ளவர் திடீரென நிறுத்தினால் கல்லீரல் அழற்சி கடுமையாகத் திரும்பலாம். பாதி மாத்திரையாக உடைத்துச் சாப்பிடுவதும், ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடுவதும் தவறுதான். ஒருவேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போடுங்கள். அடுத்த நாள் இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம்.

அடுத்தது, தப்பான மாத்திரை மேல் பழி போடுவது. புதிதாகச் சேர்ந்தவருக்கு டி.எல்.டி. மட்டும் தருவதில்லை. சிடி4 குறைவாக இருந்தால், வேறு தொற்றுகள் வராமல் தடுக்கும் கோட்ரைமாக்சசோல் சேரும். காசநோய் வராமல் தடுக்க ஐசோநியாசிடும் சேரலாம். உடம்பில் தடிப்பு வந்தால் அது கோட்ரைமாக்சசோலின் சல்ஃபா ஒவ்வாமையாக இருக்கலாம். பாதம் மரத்துப்போனால் ஐசோநியாசிட் காரணமாக இருக்கலாம். அதைத் தடுக்கத்தான் பைரிடாக்சினும் (வைட்டமின் பி6) கூடவே தருகிறார்கள், அதைத் தேவையில்லாத சத்து மாத்திரை என்று ஒதுக்கிவிடாதீர்கள். எந்த மாத்திரையை எந்தத் தேதியில் தொடங்கினீர்கள், தொந்தரவு எப்போது வந்தது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

இனி நான் அதிகம் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். வயிறு எரிகிறது என்று மெடிக்கலில் ஜெலுசில், டைஜீன் வாங்கிக் குடிப்பது நமக்குச் சாதாரணம். அவற்றில் உள்ள அலுமினியமும் மெக்னீசியமும் டோலுடெகிராவிரைக் குடலிலேயே பிடித்துவைத்து, ரத்தத்தில் சேரவிடாமல் தடுக்கும். மாத்திரையைத் தவறாமல் போட்டும் பலன் குறைந்துபோகும். ஆகவே டி.எல்.டி. போட்டு 2 மணி நேரம் கழித்தே இவற்றைக் குடிக்க வேண்டும். முதலில் இவற்றைக் குடித்துவிட்டால் 6 மணி நேரம் கழித்து டி.எல்.டி. போட வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதே இடைவெளிதான். சாப்பாட்டோடு எடுப்பதானால் மட்டும் டி.எல்.டி.யையும் இரும்பு, கால்சியம் மாத்திரைகளையும் சேர்த்துப் போடலாம்; ஜெலுசில், டைஜீனுக்கு இது பொருந்தாது. இரும்பு, கால்சியம் மாத்திரை எடுக்கும் கர்ப்பிணிகள் இதை அவசியம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். உலோகம் கலந்த பற்பம், செந்தூரம் சாப்பிடுகிறவர்களும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். யாரும் திட்டமாட்டார்கள்; திட்டினாலும் பரவாயில்லை, சொல்லியாக வேண்டும்.

சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவருக்கு அளவைக் குறைக்க வேண்டியிருக்கும், ஏனென்றால் டோலுடெகிராவிர் ரத்தத்தில் அதன் அளவைக் கூட்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவருக்கு டோலுடெகிராவிர் நாளுக்கு இரண்டு வேளை தேவைப்படும். சில வலிப்பு மருந்துகளும் டோலுடெகிராவிரோடு மோதும். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் வாங்கித் தொடர்ந்து போடுவதும் வேண்டாம். டெனோஃபோவிரோடு சேரும்போது சிறுநீரகத்துக்குச் சுமை கூடும். கடையில் வியாதியின் பெயரைச் சொல்லத் தயக்கமாக இருந்தால், டப்பா லேபிளை போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, எந்தப் புது மருந்துக்கும் முதலில் மையத்தின் மருத்துவரையே கேளுங்கள்.

தூக்கம் வரவில்லை என்றால் தூக்க மாத்திரை தேட வேண்டாம். டி.எல்.டி.யைக் காலையில் போடலாமா என்று கேளுங்கள். பலருக்கு அதுவே போதும். குமட்டலுக்குச் சாப்பாட்டோடு போட்டுப் பாருங்கள். எடை ஏறுகிறது என்று பட்டினி கிடக்காதீர்கள். நோயில் இழந்த எடை திரும்புவதும் அதில் உண்டு, டோலுடெகிராவிரின் பங்கும் உண்டு.

சிடி4 மிகக் குறைந்த நிலையில் தொடங்கியவருக்கு முதல் சில வாரங்களில் காய்ச்சல், கழுத்தில் கட்டி, புது இருமல் வரலாம். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைப்பார்கள். திரும்பி வரும் எதிர்ப்புச் சக்தி, உள்ளே மறைந்திருந்த காசநோய் போன்ற தொற்றை எதிர்த்துக் கிளம்புவதால் அப்படி நடக்கலாம். அதற்குத் தனியாகச் சிகிச்சை வேண்டும். கூட்டு மருந்தை நீங்களாக நிறுத்தக்கூடாது.

சில அறிகுறிகளுக்கு அடுத்த மாத்திரை வாங்கும் தேதிவரை காத்திருக்கக் கூடாது. காய்ச்சலோடு தடிப்பு, வாயில் புண், தோல் உரிதல், கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர்நிறமாவது, மூச்சுத்திணறல், நிற்காத வாந்தி, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம்: இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்கு. கையில் மாத்திரை டப்பாக்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். மற்ற சந்தேகங்களுக்கு 1097 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.