மாமியார் வீட்டுக்குப் போகும் மலேசியப் பெண்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் எங்கள் சுங்கை சிப்புட் தோட்டத்துப் பெண் ஒருத்தி, புதுக்கோட்டைப் பக்கம் கணவர் வீட்டுக்குக் கிளம்பினாள். பெட்டியில் மைலோ, கோடாலித் தைலம், அத்தைக்குச் சேலை எல்லாம் இருந்தன. "என்ன விசா எடுத்திருக்கே?" என்று கேட்டேன். "அதெல்லாம் அவர் பாத்துக்குவாருக்கா" என்றாள். எட்டு வருஷத்துக்கு முன்னால் நானும் இதையேதான் சொன்னேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். கொசு, காரம், வெயில் பற்றி எல்லாரும் சொல்லிவிடுவார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

சி படிவம் போடாமல் இருப்பது

நம் பாட்டன்மார் அங்கிருந்து வந்தவர்கள். என் பாட்டி கடைசிவரை "ஊரு" என்றால் தமிழ்நாட்டைத்தான் சொன்னார். முகம் ஒன்று, பேச்சு ஒன்று, சாமி ஒன்று. அதனாலேயே நம் கையில் இருப்பது மலேசியக் கடப்பிதழ் என்பது நமக்கும் மறந்துபோகிறது, அவர்களுக்கும் மறந்துபோகிறது.

இந்தியாவில் வெளிநாட்டவரைத் தங்க வைப்பவர், 24 மணி நேரத்துக்குள் எஃப்ஆர்ஆர்ஓ எனப்படும் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஹோட்டலுக்கு மட்டுமல்ல, மாமனார் வீட்டுக்கும் இதே விதிதான். 1946 வெளிநாட்டவர் சட்டத்தின் காலத்திலிருந்து இருக்கும் கடமை இது. 2025இல் புதிய சட்டம் வந்த பிறகும் போய்விடவில்லை. இப்படித் தெரிவிக்கப் போடும் படிவத்தைச் சி படிவம் என்றால் எல்லாருக்கும் புரியும்.

நான் ஆறு மாத நுழைவு விசாவில் போயிருந்தேன். படிவத்தைப் பற்றி யாரோ சொன்னபோது அத்தை கோபப்பட்டார். "எம் மருமகளை நான் எதுக்கு எழுதிக் குடுக்கணும்? அவ என்ன கைதியா?" அந்தப் பாசத்தில் எனக்குக் கண் கலங்கியது. நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

ஐந்தாம் மாதம் அத்தை கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. கூட இருந்து பார்த்துக்கொள்ள விசாவை நீட்டிக்க விண்ணப்பித்தோம். இத்தனை நாள் எங்கே தங்கினீர்கள், சி படிவம் எங்கே என்று கேட்டார்கள். எங்களிடம் இல்லை. விளக்கக் கடிதம், மின் கட்டண ரசீது, மாமாவின் கையெழுத்து என்று தேடிச் சேர்த்து, சென்னைக்கு இரண்டு முறை அலைந்தோம். அதற்குள் விசா தேதி முடிந்துவிட்டது. தேதி முடிந்தால் வெளியேறும் அனுமதி இல்லாமல் விமானம் ஏற முடியாது. அந்த வாரம்தான் சுங்கை சிப்புட்டில் என் தம்பிக்குக் கல்யாணம். அவன் தாலி கட்டியதைக் கைப்பேசியில்தான் பார்த்தேன். கல்யாண ஆல்பத்தில் நான் இல்லை. இன்றைக்கும் அதை யாராவது எடுத்து வைத்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

செய்ய வேண்டிய வேலையோ கொஞ்சம்தான். எஃப்ஆர்ஆர்ஓ இணையதளத்தில் கணவரோ மாமனாரோ வீட்டுக்காரராகப் பதிந்துகொண்டு, உங்கள் கடப்பிதழ் எண், விசா எண், வந்த தேதி, புகைப்படம் ஆகியவற்றை ஏற்றினால் போதும். நகல் எடுத்துக் கடப்பிதழோடு வையுங்கள். அப்புறம், நாத்தனார் வீட்டுக்குப் போய்த் தங்கினால் அந்த வீட்டுக்காரர் தனியாகப் போட வேண்டும். இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

பெயர்

நம் கடப்பிதழில் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் ஏ/பி இருக்கும், 'இன்னாரின் மகள்' என்பதற்கான மலாய்ச் சுருக்கம். அங்கே அது யாருக்கும் பழக்கமில்லை. டிக்கெட்டில் ஒரு மாதிரி, விசாவில் ஒரு மாதிரி, திருமணச் சான்றிதழில் கணவர் பெயரைச் சேர்த்து இன்னொரு மாதிரி என்று வைத்துக்கொள்ளாதீர்கள். கடப்பிதழில் உள்ளதையே எல்லாவற்றிலும் எழுதுங்கள்.

கோயில் கல்யாணத்தோடு நிறுத்துவது

இந்தியக் குடிமகனை மணந்தவர் ஓசிஐ எனப்படும் இந்தியாவின் வெளிநாட்டுக் குடிமக்கள் அட்டை கேட்க, திருமணம் பதிவாகி 2 ஆண்டுகள் தொடர்ந்து நிலைத்திருக்க வேண்டும். பதிவைத் தள்ளிப் போடாதீர்கள்.

சுற்றுலா இ-விசா

மாதக்கணக்கில் மருமகளாக இருக்கப் போகிறவருக்கு உதவாது.

ரிங்கிட் கணக்கு

வாங்கும் எதற்கும் "எங்க ஊர்ல இவ்வளவுதான்" என்று சொல்லாதீர்கள். ஒரு தடவைகூட.

அந்தப் பெண் போய் இறங்கிய அன்று இரவே அவள் மாமனாருக்கு போன் போட்டேன். "நம்ம வீட்டுப் பொண்ணும்மா, அதெல்லாம் எதுக்கு?" என்றுதான் அவரும் ஆரம்பித்தார். தம்பி கல்யாணக் கதையை முழுசாகச் சொன்னேன். படிவத்தை ஏற்றிவிட்டோம் என்று அவள் சொன்ன பிறகுதான் போனை வைத்தேன்.