ஃபேக்டோரியோ யுரேனியம்: கோவரெக்ஸுக்காகக் காத்திருக்க வேண்டாம்

தொழிற்சாலை கட்டும் கணினி விளையாட்டான ஃபேக்டோரியோவில் புதிதாக அணு ரியாக்டர் கட்டும் நண்பர்களின் சேவ் ஃபைலைத் திறந்தால், நான் ஒரு காலத்தில் செய்த கூத்துகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. யுரேனியம் சுரங்கத்துக்கு சல்ஃப்யூரிக் ஆசிட் குழாய் போட மறப்பதை விட்டுவிடுகிறேன். டிரில் ஓடாமல் நின்றே அதைச் சொல்லிவிடும். கீழே வரும் கணக்கெல்லாம், வேகத்தையும் விளைச்சலையும் கூட்டும் மாட்யூல் போடாத மெஷினுக்கு.

நாற்பதைப் பூட்டி வைப்பது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். யுரேனியம்-235-ஐப் பெருக்கித் தரும் கோவரெக்ஸ் முறைக்கு 40 யுரேனியம்-235 வேண்டும் என்று தெரிந்ததும், கிடைப்பதையெல்லாம் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுகிறார்கள். தாதுவைப் பிரிக்கும் மெஷினான சென்ட்ரிஃப்யூஜில் ஒரு சுற்றுக்கு 10 தாது, 12 விநாடி. அதில் 235 விழும் வாய்ப்பு 0.7 சதவீதம்; மற்றபடி யுரேனியம்-238தான். நாற்பது சேர சராசரியாக 5,700 சுற்று. ஒரே மெஷின் என்றால் சுமார் 19 மணி நேரம்.

ஒரு தம்பியின் தொழிற்சாலையில் பெட்டிக்குள் 31 இருந்தது. வெளியே மின்சாரம் போதாமல் லேசர் டரெட்டுகள் திணற, பிட்டர்கள் என்ற எதிரிப் பூச்சிகள் சுவரைத் தின்றுகொண்டிருந்தன. "இன்னும் ஒன்பதுதாண்ணா" என்கிறான்!

ஒரு 235, பத்தொன்பது 238, 10 இரும்புத் தகடு சேர்ந்தால் 10 எரிபொருள் கலம். ஒரு கலம் ஒரு ரியாக்டரை 200 விநாடி ஓட்டும். அப்படியானால் நான்கு ரியாக்டருக்கு 500 விநாடிக்கு ஒரு 235 போதும். நான்கு சென்ட்ரிஃப்யூஜ்கள் தாதுவிலிருந்தே அதைத் தந்துவிடும். கோவரெக்ஸை அப்புறம் பார்க்கலாம்.

தம்பி கேட்கவில்லை. நாற்பது சேர்ந்ததும் பெல்ட்டை இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் வழியாக இரண்டு மெஷினுக்கு அனுப்பினான். ஆளுக்கு 20; இரண்டும் நின்றன. கையால் எடுத்து ஒன்றிலேயே போட்டதும் ஓடியது. ஒரு நிமிடத்தில் 41 வந்தது, பொருளை எடுத்து வைக்கும் கையான இன்செர்ட்டர் அத்தனையையும் எரிபொருள் பெல்ட்டில் கொட்டிவிட்டது. நாற்பதும் அதே மெஷினுக்குத் திரும்பிய பிறகு மிஞ்சும் ஒன்றுதான் வெளியே போக வேண்டும்.

238 தேங்குவது

ஒரு 235-க்குச் சுமார் 142 என்ற விகிதத்தில் 238 வரும். எரிபொருளுக்குப் போவது 19. மிச்சத்துக்கு இடம் இல்லாவிட்டால் சென்ட்ரிஃப்யூஜ் நின்றுவிடும், 235-உம் வராது. பெட்டிகளைத் தாராளமாக வையுங்கள்.

ரியாக்டர்களைத் தள்ளித் தள்ளி வைப்பது

நான்கும் தனித்தனியாக இருந்தால் 160 மெகாவாட். 2×2 ஆக ஒட்டி வைத்தால் 480.

தீர்ந்த கலத்தை மறப்பது

வெளியே எடுக்க ஒரு இன்செர்ட்டர். அவ்வளவுதான்.

ரியாக்டர் தானாக அடங்கும் என்று நம்புவது

அடங்காது. மின்சாரத் தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கலம் எரியும். 1000 டிகிரியைத் தொட்ட பிறகு வரும் வெப்பம் வீண். நீராவித் தொட்டியின் அளவைப் பார்த்து இன்செர்ட்டரை நிறுத்த சர்க்யூட் போடலாம். நாலு ரியாக்டருக்கு அந்த மெனக்கெடல் தேவையா என்றால், எனக்குத் தேவையில்லை.