நாய் சொறிகிறதா? களிம்புக்கு முன் இடத்தைப் பாருங்கள்

ஜூன் மாதம் கேரள எல்லையிலுள்ள ஆரியங்காவு கணவாய் வழியே சாரல் இறங்கியதும் செங்கோட்டைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். நாய்களுக்கோ அது அரிப்புக் காலம். உலராத ரோமத்தடியில் பூஞ்சை வளரும், தெள்ளுப்பூச்சி பெருகும்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கோம்பை நாயின் முதுகில் ஒரு வட்டத்தைப் பார்த்தேன். மருந்துக் கடையில் மனிதருக்கான களிம்பை வாங்கித் தடவினேன். அதில் ஸ்டீராய்டு இருந்தது. அரிப்பு நான்கு நாள் அடங்கியது. படர்தாமரையோ தோள்வரை பரவிவிட்டது. அந்த வருத்தம் இன்னும் எனக்குண்டு. அதனால்தான் சொல்கிறேன்: எங்கே சொறிகிறது என்பதை முதலில் பாருங்கள்.

1. நாயைக் காலை நேர வெயிலில் நிறுத்தி, வாலிலிருந்து தலை நோக்கி ரோமத்தை எதிர்ப்புறமாகக் கோதுங்கள். முடி உதிர்ந்த இடம், சிவப்பு, பொருக்கு, வாடை ஆகியவற்றைத் தேதியுடன் குறித்து, படமும் எடுங்கள். விரலிடுக்கையும் காதின் உட்புறத்தையும் விட்டுவிடாதீர்கள்.

2. வால் தொடங்கும் இடத்தில் கடித்துக்கொண்டே இருந்தால் தெள்ளுப்பூச்சி ஒவ்வாமையைச் சந்தேகியுங்கள். அங்கே சீப்பால் வாரி, விழும் கறுப்புத் துகளை ஈரமான வெள்ளைத் துணியில் வையுங்கள். செம்பழுப்பாகக் கசிந்தால் அது பூச்சியின் எச்சம், அதாவது செரித்த இரத்தம். இந்த ஒவ்வாமை உள்ள நாய்க்குச் சில கடிகளே போதும். உடலில் பூச்சி தென்படாமலும் போகலாம்.

3. காது ஓரம், முழங்கை, பின்னங்கால் மூட்டு ஆகியவற்றில் பொருக்கும் கடும் அரிப்பும் இருந்தால் சொறிப்பூச்சியாக, அதாவது தோலில் வாழும் நுண்ணிய பூச்சியாக இருக்கலாம். காது மடல் ஓரத்தை விரல்களுக்கிடையே தேயுங்கள். பின்னங்கால் தானாகச் சொறிய எழுந்தால் சந்தேகம் வலுக்கும். வீட்டில் உங்களுக்கும் அரிக்கிறதா என்று பாருங்கள். சொறிப்பூச்சியும் படர்தாமரையும் மனிதருக்குத் தொற்றும், கையுறை அணியுங்கள்.

4. பாதத்தை நக்குவது, அக்குள், வயிறு, காது சிவப்பது எல்லாம் தூசி, மகரந்தம் அல்லது உணவு ஒவ்வாமையால் வரலாம். ஆண்டு முழுதும் நீடித்தால் உணவையும் சோதிக்க வேண்டும். மருத்துவர் சொல்லும், இதுவரை தின்றிராத புரத உணவை மட்டும் எட்டு வாரம் கொடுங்கள். இதில் கண்டிப்பு வேண்டும். பிஸ்கட், மீன் குழம்புச் சோறு, எல்லைக் கடைப் புரோட்டாத் துண்டு எதுவும் கூடாது. ஒரு வாய் போனாலும் சோதனை கெட்டுவிடும். அரிப்பு குறைந்த பிறகு பழைய உணவைக் கொடுத்து, மறுபடி வருகிறதா என்று பார்த்தால்தான் முடிவு உறுதியாகும்.

5. மருத்துவரிடம் போகும் முன் குளிப்பாட்டவோ மருந்து தடவவோ வேண்டாம். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தே சொறிப்பூச்சியைத் தேடுவார்கள். ஒரே முறையில் அகப்படாமலும் போகலாம். கேரளத்தில் புனலூர்ப் பக்கம் காட்டுவதானால், அங்கே தெள்ளையும் உண்ணியையும் பலர் 'செள்ளு' என்றே சொல்வார்கள். படத்தைக் காட்டிப் பேசுங்கள்.

கழிவு எஞ்சின் எண்ணெய், மண்ணெண்ணெய் தடவும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். நாய் அதை நக்கி விழுங்கும். வீட்டில் பூனை இருந்தால், நாய்க்கு வாங்கும் பூச்சி மருந்தில் பெர்மெத்ரின் உள்ளதா என்று படித்துப் பாருங்கள். அது பூனையின் உயிரையே பறிக்கும்.