கோயில் மண்டபத்தில் வாக்காளர் பதிவு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரக் கோயில்களில் காவடிக்குத் திரளும் கூட்டத்தைப் பார்த்ததும், வாக்காளர் பதிவுக்கு ஓரமாக ஒரு மேசையைப் போட்டுவிட வேண்டும் என்று நம் தொண்டர்களுக்குத் தோன்றிவிடுகிறது. எண்ணம் நல்லதுதான், ஆனால் முதல் தவறும் அந்த மேசையில்தான் நடக்கிறது. உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்க, ஒருவர் தாம் வழக்கமாகக் குடியிருக்கும் வாக்குச்சாவடிப் பகுதியில் பதிந்திருக்க வேண்டும். சாமி கும்பிட வந்த இடம் கணக்கில் வராது.

என் கையாலேயே அந்தப் பிழை நேர்ந்திருக்கிறது. டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் குடியிருக்கும் ஓர் அம்மாவுக்காக, அதே நகரின் சாட்ஸ்வர்த் பகுதி மண்டபத்தில் அமர்ந்து இணையப் பதிவை முடித்தேன். வரைபடத்தில் அவருடைய வீட்டைக் குறிக்க வேண்டிய புள்ளி நாங்கள் அமர்ந்திருந்த தெருவிலேயே நின்றதை, "எங்க வீட்டுப் பக்கம் இந்தப் பள்ளிக்கூடமே கிடையாதே, தம்பி" என்று அவர் திரையைக் காட்டிச் சொன்ன பிறகே கவனித்தேன். இதைச் சிறு பிழை என்று தள்ளிவிட முடியாது. 2013-இல் ட்லோக்வே நகராட்சியில் நடந்த இடைத்தேர்தல்களில், வார்டுக்கு வெளியே வசித்தவர்கள் பட்டியலில் இடம்பெற்றிருந்ததால், அரசியல் சாசன நீதிமன்றம் 2015 நவம்பரில் அத்தேர்தல்களையே செல்லாதவை என்று அறிவித்தது. வீடு மாறியவர்களும் புதிய முகவரியில் மீண்டும் பதிய வேண்டும். முகவரிக்குச் சான்று கேட்கப்படுவதில்லை என்பதால், வாடகை ஒப்பந்தம் இல்லையே என்று யாரும் தயங்கத் தேவையில்லை.

அடுத்தது, யாரிடம் பேசுகிறோம் என்று பாராமல் எல்லோரையும் பதியச் சொல்வது. தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்து நிரந்தர வசிப்புரிமை பெற்றவர் பல ஆண்டுகள் வரி கட்டியிருந்தாலும், அவருக்கு இங்கே வாக்குரிமை இல்லை. தென்னாப்பிரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே உண்டு. அவரிடமும் 13 இலக்க அடையாள எண் இருப்பதால்தான் குழப்பம் வருகிறது. அந்த எண்ணின் 11-ஆவது இலக்கம் 0 என்றால் குடிமகன், 1 என்றால் நிரந்தர வசிப்பாளர். குடிமகன் அல்லாதவரை உற்சாகத்தில் பதியவைப்பது அவரைச் சட்டச் சிக்கலில் மாட்டிவிடும். நகராட்சியின் வரவுசெலவுத் திட்டம் பற்றிய பொதுக் கூட்டங்களில் கருத்துச் சொல்ல அவருக்கும் இடமுண்டு. அங்கே அழைத்துச் செல்லுங்கள். குடியுரிமை பெற்றவரானால், பச்சை அடையாளப் புத்தகமோ ஸ்மார்ட் அட்டையோ கையில் இருக்கிறதா என்று பாருங்கள். கடவுச்சீட்டும் ஓட்டுநர் உரிமமும் செல்லாது. பதிவதற்கு 16 வயதும் வாக்களிக்க 18 வயதும் நிறைந்திருக்க வேண்டும்.

தேர்தல் நெருங்கட்டும் என்று காத்திருப்பதும் தவறு. தேர்தல் நாள் அரசிதழில் அறிவிக்கப்படும் அன்றே பட்டியல் மூடப்பட்டுவிடும். சுவரொட்டிகளைப் பார்த்துவிட்டுப் புறப்படுபவர் தாமதித்துவிட்டார். முன்பே பதிந்ததாக நினைப்பவர்கள் அடையாள எண்ணை 32810-க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், எந்தச் சாவடியில் பெயர் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

பேச்சிலும் ஒரு தவறு செய்கிறோம். 1860-இல் ட்ரூரோ கப்பலில் இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளராக வந்த முன்னோரையும், இந்தியர்கள் நகராட்சி வாக்காளராகப் புதிதாகப் பதியவிடாமல் டர்பன் அடங்கிய நேட்டால் மாகாணத்தில் தடுத்த 1924-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் உருக்கமாகச் சொல்லித் தொடங்குகிறோம். அந்த வரலாறு எனக்கும் நெஞ்சுக்கு நெருக்கமானது. ஆனால் பத்தாண்டுகளுக்கு முன் சென்னையிலிருந்து விமானத்தில் வந்திறங்கியவருக்கு அது அடுத்த வீட்டுக் கதையாகவே படுகிறது. அவருடைய தெருவில் மூன்று நாளாகத் தண்ணீர் வராததையும், அதைக் கேட்க வேண்டிய கவுன்சிலர் யார் என்பதையும் பேசினால் காது கொடுப்பார். கட்சிப் பெயரை மட்டும் எடுக்காதீர்கள். எடுத்த நொடியில் அது பதிவு மேசையாக இராது.

கடைசியாக, பதிவோடு கைகழுவிவிடுகிறோம். டர்பனை உள்ளடக்கிய ஈதெக்வினி போன்ற பெருநகராட்சியில் வார்டு உறுப்பினருக்கு ஒன்றும் கட்சிகளுக்கான விகிதாசாரப் பட்டியலுக்கு ஒன்றுமாக இரண்டு வாக்குச்சீட்டுகள் தருவார்கள். மற்ற நகராட்சிகளில் மாவட்ட மன்றத்துக்கும் சேர்த்து மூன்று. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு குறிதான் இட வேண்டும். மாதிரித் தாளொன்றை வரைந்து, முதன்முறை வாக்களிக்கும் பெரியவர்களிடம் பென்சிலைக் கொடுத்துப் பழக்குங்கள். நான் பழக்கிய தாத்தா ஒருவர் முதல் தாளிலேயே கையெழுத்தும் போட்டுவிட்டார்.