ஒன்றுபோல் தோன்றும் இரண்டு வண்ணங்களில் சுவருக்கு எதைத் தேர்ந்தெடுப்பது?

வரவேற்பறைக்கு வெள்ளையை ஒட்டிய இரண்டு சாயல்களில் எது பொருந்தும் என்பதைக் கடையின் வண்ண அட்டையை வைத்துக்கொண்டு முடிவு செய்ய இயலாது. விரலளவுக் கட்டத்தில் வெளுத்துத் தெரியும் நிறம், நான்கு சுவர்களிலும் ஏறி ஒரு சுவரின் ஒளி மற்றொன்றில் பட்டுத் திரும்பும்போது அடர்ந்து தெரியும்.

முதலில் இரண்டு அட்டைகளையும் ஒரு வெள்ளைத் தாளின் மீது வையுங்கள். தனியே பார்க்கையில் வெறும் வெண்மையாகத் தெரிந்த நிறத்தில் மஞ்சளோ சாம்பலோ இளஞ்சிவப்போ கலந்திருப்பது அப்போது புலப்படும். அந்த உட்சாயல், வீட்டில் மாற்ற முடியாதவையான தரை ஓடு, கதவின் தேக்கு நிறம், கிரானைட் ஆகியவற்றோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தாலே பல வேளைகளில் ஒன்று விலகிவிடும்.

விலகாவிட்டால் மாதிரி பூசிப் பார்ப்பதே வழி. சிறிய மாதிரி டப்பா கிடைக்காத கடையில் ஒரு லிட்டர் கலந்து வாங்குவதும் நட்டமன்று. வீடு முழுவதையும் மறுபடி அடிக்கும் செலவோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய தொகை. பழைய சுவரின் மீது நேரடியாகப் பூச வேண்டாம். சுற்றிலும் பழைய பச்சை இருந்தால், நடுவிலுள்ள புதிய வெண்சாயல் சற்றே சிவந்து தோன்றும். இரண்டடிச் சதுரப் பலகைகள் இரண்டை எடுத்து, வெள்ளை பிரைமர் அடித்து, அதன்மேல் இரண்டு கோட்டிங் பூசி, முழுவதும் உலர்ந்த பிறகே பாருங்கள்; ஈரத்தில் தெரியும் நிறம் நிலைக்காது.

பலகைகளை அருகருகே வைத்தால் அவற்றின் வேறுபாடு மட்டுமே கண்ணுக்குத் தெரியும். ஆனால் நீங்கள் வாழப்போவது ஒரே நிறத்தோடு என்பதால், வேறுபாட்டைத் தெரிந்துகொண்ட பின் ஒன்றை மறைத்துவிட்டு மற்றொன்றை மட்டும் ஒரு நாள் முழுவதும் அறையில் வைத்திருங்கள், மறுநாள் மாற்றுங்கள். சன்னலுக்கு எதிர்ச் சுவரிலும், சன்னல் இருக்கும் சுவரிலும், இருண்ட மூலையிலும் நிமிர்த்தி வைத்துப் பார்ப்பது அவசியம்.

வடக்குச் சன்னல் அறையில் நிறம் குளிர்ந்து, அதாவது நீலம் கலந்தாற்போல், தெரியும் என்று குளிர்நாட்டு நூல்கள் சொல்லும் விதியை இங்கே அப்படியே நம்ப வேண்டியதில்லை. சென்னையில் ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியனே உச்சிக்கு வடக்கில்தான் இருக்கிறது. மேற்குச் சன்னல் அறையிலோ மாலை வெயில் மஞ்சள் சாயலைத் தூக்கிக் காட்டும். அத்தகைய அறைக்குச் சாம்பல் கலந்ததையே நான் பரிந்துரைப்பேன்.

பகலைவிட இரவில்தான் வரவேற்பறை அதிகம் பயன்படுகிறது என்றால், விளக்கே தீர்மானிக்க வேண்டும். 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) வெள்ளை விளக்கில் சாம்பல் சாயல் நீலம் பாய்ந்து தெரியும். 3000 கெல்வின் மஞ்சள் விளக்கில் அதே சாயல் இதமாக மாறும். கடையின் ஒளியில் வேறுபாடே தெரியாத இரண்டு நிறங்கள் வீட்டு விளக்கில் பிரிந்து தெரிவதும் உண்டு.

இத்தனைக்குப் பிறகும் மனம் ஊசலாடினால் வெளிறியதை எடுங்கள். நிறத்தின் எண்ணோடு எமல்ஷனின் (தண்ணீரில் கரைக்கும் சுவர்ப் பெயின்ட்) வகையையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே எண்ணுள்ள நிறம் மங்கலான பூச்சில் ஒரு விதமாகவும் பளபளப்பான பூச்சில் வேறு விதமாகவும் தெரியும். தேவையான அளவை ஒரே முறையில் கலந்து வாங்கி, பூசுவதற்கு முன் எல்லா வாளிகளையும் ஒன்றாகக் கலக்கச் சொல்லுங்கள்.